காலாங் ஆற்றோரம் சைக்கிள் ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரப் பாதையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள், பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே அனுப்பத் தயங்கும் அம்மாக்கள், உணவு விநியோகம் செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற பிறகு மறுபடி சைக்கிள் எடுத்தவர்கள் எனப் பலரும் கேட்டதை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. இந்தப் பாதை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? நிக்காம முழுசா ஓட்டிட முடியுமா?

காலாங் ஆறுதான் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு, சுமார் 10 கிலோமீட்டர். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கி, பீஷான்-அங் மோ கியோ பூங்கா, போத்தோங் பாசிர், கோலம் ஆயர், காலாங் பாரு வழியாக வந்து காலாங் படுகையில் சேர்கிறது. அங்கிருந்து மரினா நீர்த்தேக்கம். போத்தோங் பாசிர் சிவதுர்கா கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் இந்த ஆற்றின் பக்கமாகத்தான் போய்வருகிறார்கள், பெயர் தெரியாமலேயே.

நிற்காமல் முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று எண்ணி வராதீர்கள். பெரிய சாலைகள் குறுக்கே வரும் இடங்களில் ஆற்றை விட்டு விலகி, சாலையைக் கடந்து, மறுபடி ஆற்றோரம் வர வேண்டியிருக்கும். பீஷானிலிருந்து நகர மையம் வரை தடையில்லாத பாதை அமைக்கும் திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் அறிவித்தது. தீவு விரைவுச்சாலைக்கு மேலே சைக்கிள் பாலம், காலாங் பாரு, சிராங்கூன் ரோடு ஆகியவற்றுக்குக் கீழே சுரங்கப்பாதைகள் எல்லாம் அதில் உண்டு. இப்படிப்பட்ட பணிகள் நடக்கும்போது மாற்றுவழிப் பலகைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் போன வழிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வளையாமல், அன்றைக்கு வைத்திருக்கும் பலகையைப் பாருங்கள்.

2. எந்தப் பக்கமா ஓட்டணும்? நம்ம ஊர் மாதிரிதானா?

ஆமாம், இடது பக்கம். முந்துவது வலது பக்கமாக. சாலைக்கு மட்டுமல்ல, பாதைக்கும் இதே பழக்கம்தான்.

3. 25 கிலோமீட்டர்னு சொல்றாங்க, 10ன்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. சைக்கிள் பாதையிலும், பூங்கா இணைப்புப் பாதை போன்ற பகிர்வுப் பாதையிலும் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சாதாரண நடைபாதையில் 10 கிலோமீட்டர். நடைபாதை வரம்பு முதலில் 15ஆக இருந்தது, 2019 பிப்ரவரியில் 10ஆகக் குறைத்தார்கள். ஆற்றோரப் பாதையிலிருந்து விலகிச் சாலையைக் கடக்கப் போகும்போது பல இடங்களில் நீங்கள் இருப்பது நடைபாதையில். அங்கே 10தான்.

ஆனால் 25 என்பது உச்ச வரம்பு. அந்த வேகத்தில் போயே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர் போகிறது. முன்னால் ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி ஆகிவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தரையில், நல்ல பிரேக்கோடு, நிற்க இன்னும் 6 மீட்டராவது வேண்டும். மொத்தம் 13 மீட்டர், ஒரு பேருந்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதே கணக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 6 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும்.

ஆற்றோடு சேர்ந்து பாதையும் வளைகிறது. பல வளைவுகளில் செடிகொடிகளும் பாலத் தூண்களும் மறைப்பதால் 13 மீட்டர் தூரம் கண்ணுக்கே தெரியாது. எனவே நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: எவ்வளவு தூரம் பாதை தெரிகிறதோ, அதற்குள் நிற்க முடிகிற வேகத்தில் போங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

4. நடைபாதையில சைக்கிள் ஓட்டவே கூடாதுன்னு ஒருத்தர் திட்டினாரு. உண்மையா?

பொதுவான நடைபாதையில் சாதாரண சைக்கிள் ஓட்டலாம், 10 கிலோமீட்டருக்குள். ஆனால் 2025 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம் வந்தது. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறியிட்டு ஒரு பாதை இருந்தால், அதில் சைக்கிள் ஓட்டக்கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். தரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். இரண்டு பாதைகள் அருகருகே போனால், சைக்கிள் படம் போட்டதுதான் உங்களுடையது.

திட்டியவர் சொன்னது அந்த இடத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். சரியில்லை என்றாலும் வாக்குவாதம் வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

5. அப்போ சைக்கிள் பாதையில நடக்கிறவங்கதான் ஒதுங்கணும், சரிதானே?

இல்லை. சைக்கிள் பாதையில் நடப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. பகிர்வுப் பாதை என்றால் கேட்கவே வேண்டாம், அது எல்லோருக்கும் உரியது. வழிவிட வேண்டியது நீங்கள்தான். பீஷான் பூங்காப் பக்கம் மாலையில் பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் பணிப்பெண், ஓட்டப்பயிற்சி செய்கிறவர், நாயோடு வருகிறவர், நடை பழகும் குழந்தை எல்லோரும் ஒரே பாதையில் இருப்பார்கள். அதில் மிக வேகமாகப் போவதும் மிக அதிகக் காயம் ஏற்படுத்தக்கூடியதும் நம் சைக்கிள்தான். பொறுப்பும் நம்மிடம்தான் கூடுதலாக இருக்க வேண்டும்.

6. பெல் அடிச்சா கோச்சுக்கிறாங்க, அடிக்காட்டி பயந்துடுறாங்க. என்னதான் பண்றது?

பெல்லை எப்போது அடிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் யாரும் திடுக்கிடுவார்கள், திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது. 15, 20 மீட்டர் தூரத்திலேயே ஒரு தடவை மட்டும் மெதுவாக அடியுங்கள். வேகத்தைக் குறையுங்கள். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று கவனித்துவிட்டு வலது பக்கமாகப் போங்கள், போகும்போது ஒரு நன்றி சொல்லுங்கள். காதில் இயர்போன் மாட்டியவருக்குப் பெல் கேட்காது. அவர் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம் என்று நினைத்தே கடக்க வேண்டும்.

நாய் விஷயம் தனி. இழுத்தால் நீளும் மெல்லிய கயிறு இருக்கிறதே, மாலை 7 மணி வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நாய் பாதையின் இந்த ஓரத்தில் புல்லை முகர்ந்துகொண்டிருக்கும், அதன் சொந்தக்காரர் அந்த ஓரத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் வழி காலியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் முழங்கால் உயரத்தில் கயிறு இருக்கும். ஒரு ஓரத்தில் நாய், மறு ஓரத்தில் ஆள் என்று பார்த்தால் நடுவே புகாதீர்கள், நின்றுவிடுங்கள்.

7. தலைக்கவசம் கட்டாயமா?

சாலையில் ஓட்டும்போது கட்டாயம், 2019 பிப்ரவரி முதல். பாதைகளில் கட்டாயமில்லை. ஆனால் முதல் பதிலில் சொன்னபடி இந்த வழியில் ஆற்றை விட்டு விலக வேண்டியிருக்கும். அப்போது கொஞ்ச தூரமே என்றாலும் சாலையில் இறங்கினால் தலைக்கவசம் இருக்க வேண்டும். அதோடு, தலை மோதுவது சாலையிலா பாதையிலா என்று மண்டை ஓடு பார்ப்பதில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

8. ராத்திரி ஓட்டலாமா? கைத்தொலைபேசி டார்ச் போதாதா?

ஓட்டலாம், ஆனால் டார்ச் போதாது. மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் சூரிய உதயமும் மறைவும் என்பதால் இந்த நேரத்தை நினைவில் வைப்பது எளிது. காலை 6 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் விளக்கை மறந்துவிடுகிறார்கள், விடிந்துவிட்டது என்ற நினைப்பில்.

முன்விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடித்தால் அவருக்குப் பாதையும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது பாதையிலும் குற்றம். வழி பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

9. விடியற்காலை ஆளே இல்லையே, அப்பவாவது வேகமா போகலாமா?

ஆள் இல்லை என்பது நமக்குத் தோன்றுவது. அந்த நேரத்தில்தான் வயதானவர்கள் கறுப்புச் சட்டையும் மென்காலணியுமாகச் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். இருட்டில் உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியும் தூரம். 3ஆவது பதிலில் உள்ள கணக்கை அந்தத் தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள். உடற்பயிற்சிக்காக வேகமாக ஓட்ட வேண்டும் என்றால் இந்தப் பாதை அதற்கான இடமே இல்லை.

10. மழை விட்டதும் கிளம்பலாமா, காயணுமா?

பொறுக்க முடிந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். நிழல் விழும் இடங்களும், பாலங்களுக்கு அடியில் ஆற்றை ஒட்டித் தாழ்ந்து போகும் இடங்களும் கடைசியாகத்தான் காயும். அங்கே வண்டலும் பாசியும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் இருக்கும், காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தால்தான் வழுக்கல் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நழுவும், கையை ஊன்றி விழுவோம். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

உலோக மூடிகள், வடிகால் கம்பிகள், தரையில் அடித்த பெயின்ட் கோடுகள், உதிர்ந்த இலைகள் ஆகிய நான்கும் நனைந்தால் ஆபத்து. அவற்றை நேர்கோட்டில் கடக்க வேண்டும், சாய்ந்தபடி கடக்கக்கூடாது. அப்புறம், சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை ரப்பர் பிரேக் உள்ளவர்களுக்கு: ஈரத்தில் முதல் ஓரிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும், அதன் பிறகுதான் பிடிக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து விளிம்பைக் காயவையுங்கள்.

11. பூங்காவுல திடீர்னு சைரன் அடிச்சுது. வானம் வெளுப்பாத்தான் இருந்துச்சு. எதுக்கு?

இது இந்தப் பாதையில் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாய் இருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் இயற்கை ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். வேலியும் சுவரும் இல்லாமல் புல்வெளி அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. அழகுக்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. கனமழையின்போது ஆறு அகன்று, அந்தப் புல்வெளியையே தன் படுகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. வெயிலில் நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்த இடம் மழையில் ஆற்றின் பகுதி.

மேல்பகுதியில் பெய்யும் மழை வடிகால்கள் வழியாகச் சீக்கிரம் வந்து சேர்ந்துவிடும். எனவே உங்கள் தலைக்கு மேல் வெளுத்திருந்தாலும் ஆறு உயரலாம். நீர்மட்டத்தை உணரிகள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. மட்டம் ஏறினால் சைரன் ஒலிக்கும், எச்சரிக்கை விளக்குகள் எரியும், அறிவிப்பும் வரும். சிவப்புக் குறிகள் வைத்த எல்லைக்குள் யாரும் இருக்கக்கூடாது. சைரன் கேட்டதும் உடனே மேட்டுப்பக்கம் ஏறுங்கள். மறுகரையில் பையை வைத்தேன், படிக்கற்களில் ஒரு ஓட்டம் ஓடி எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் செய்யாதீர்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் பெரிய ஆளையே தள்ளிவிடும், சைக்கிளைப் பிடித்திருந்தால் சைக்கிளோடு சேர்த்து இழுக்கும்.

கீழ்ப்பகுதிகளில் ஆறு இன்னும் கான்கிரீட் கால்வாயாகத்தான் போகிறது. அங்கே உள்ளே விழுந்தால் செங்குத்தான சுவரில் ஏறி வருவது மிகக் கடினம். பாலத்துக்கு அடியில் தாழ்ந்த பாதையில் தண்ணீர் ஏறியிருந்தால் ஆழம் பார்க்கவெல்லாம் வேண்டாம், திரும்பிவிடுங்கள். மரினா அணைக்கட்டு 2008இல் வந்த பிறகு காலாங் படுகை நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது, கடல் ஏற்றவற்றம் அதில் தெரிவதில்லை. அதற்காக மேலே பெய்கிற மழை உங்களுக்குச் சொல்லிவிட்டு வராது.

12. இடி இடிக்குது, மரத்தடியில நிக்கலாமா?

கூடாது. மரத்தடி, திறந்த புல்வெளி, தண்ணீர் ஓரம் மூன்றும் மின்னலுக்கு மோசமான இடங்கள். பாலத்தடியில் ஒதுங்குவது வழக்கம், ஆனால் 11ஆவது பதிலைப் படித்தவர்களுக்கு அங்கே ஏன் நிற்கக்கூடாது என்று புரியும். பாதையின் பெரும்பகுதியில் வீவக புளோக்குகள் (அரசு அடுக்குமாடி வீடுகள்) பக்கத்திலேயே இருக்கின்றன. கீழ்த்தளத்தில் போய் நில்லுங்கள், இடி நின்று அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் திடீர்ச் சூறைக்காற்று கிளைகளை முறித்துப் போடும். அன்றைக்குப் பாதையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

13. நீர்நாய்க் கூட்டம் பாதையில வந்தா?

நில்லுங்கள். காலாங் ஆற்றில் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. பாதையைக் கடக்கும்போது முன்னால் நாலு போகும், குட்டிகள் பின்னால் வரும். முன்னால் போனதைப் பார்த்துவிட்டு நடுவில் புகுந்தால் குட்டியைப் பிரித்தது போல ஆகிவிடும், பெரியவை பாயும். படமெடுக்கக் கூடும் கூட்டத்தையும் கவனியுங்கள், அவர்கள் பின்னால் பார்க்காமலேயே அடி எடுத்து வைப்பார்கள். உடும்பு பெரும்பாலும் தானே விலகிவிடும். மலைப்பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று, தேசிய பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

14. பிள்ளைங்களை முன்னால விடணுமா, பின்னால வரச் சொல்லணுமா?

முன்னால். பிள்ளை இடது ஓரத்தில் போகட்டும், நீங்கள் ஒரு சைக்கிள் நீளம் பின்னால், அதற்குச் சற்று வலது பக்கமாக வாருங்கள். பின்னாலிருந்து முந்துகிறவர் உங்களைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். பிள்ளையைப் பின்னால் விட்டால் நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள், திரும்பும்போது சைக்கிளும் திரும்பும். ஆற்றோரச் சரிவுகளில் சின்னப் பிள்ளைகள் பிரேக்கை விட்டுவிட்டுக் காலைத் தேய்ப்பார்கள். வருவதற்கு முன்பு வீட்டுக்குக் கீழே பிரேக் பிடித்து நிற்கப் பழக்குங்கள், விரல் எட்டவில்லை என்றால் கடையில் பிரேக் கைப்பிடியை அருகே கொண்டுவரச் சொல்லுங்கள்.

15. அண்ணே, டெலிவரிக்கு இ-பைக் எடுத்திருக்கேன். எங்கெல்லாம் ஓட்டலாம்?

மிதித்தால் மோட்டார் உதவும் சைக்கிள் என்றால் சாலையிலும் சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓட்டலாம் தம்பி. நடைபாதையில் கூடாது, வாடிக்கையாளர் புளோக் பத்தே மீட்டரில் இருந்தாலும் இறங்கித் தள்ள வேண்டும். 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் இணையவழித் தேர்வும் தேறியிருக்க வேண்டும், வண்டி பதிவாகி எண் தகடு இருக்க வேண்டும். மின்ஸ்கூட்டருக்கும் 2019 நவம்பர் முதல் நடைபாதையில் தடை.

எடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மட்டுமே 20 கிலோ வரை இருக்கலாம், அதன் மேல் நீங்கள், பின்னால் உணவுப் பெட்டி. இடித்தால் அத்தனையும் சேர்ந்துதான் இடிக்கும். ஒரு ஆர்டர் தாமதமானால் கிடைக்கும் குறைந்த மதிப்பெண்ணை நினைத்து ஓட்டுகிற அழுத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வளைவில் மட்டும் குறைத்துவிடுங்கள்.

16. பிரேக் இல்லாத ஃபிக்ஸி சைக்கிள் ஓட்டலாமா? பெடலையே பிரேக்கா பிடிக்கத் தெரியும்.

ஃபிக்ஸி என்றால் பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள். பிரேக் இல்லாமல் அதைப் பொதுப் பாதையில் ஓட்டக்கூடாது. 2021 பிப்ரவரி முதல் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. ஈரத்தில் பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால் எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதுதான் கவலை.

17. நான் 24லதான் போனேன், அந்தம்மா திடீர்னு திரும்பிட்டாங்க. வரம்புக்குள்ள இருந்தேனே, என் மேல தப்பா?

இருக்கலாம். வேக வரம்பை மீறுவது ஒரு குற்றம், கவனக்குறைவாக அல்லது மூர்க்கமாக ஓட்டுவது வேறொரு குற்றம். வரம்புக்குள் இருந்ததாலேயே இரண்டாவதிலிருந்து தப்பிவிட முடியாது. கூட்டமான இடத்தில், தெரியாத வளைவில், முன்னால் பிள்ளைகள் இருக்கும்போது 24 என்பது அதிகம்தான்.

மோதிவிட்டால் முதலில் நில்லுங்கள். அடிபட்டவருக்கு உதவுங்கள், தேவைப்பட்டால் 995ஐ அழையுங்கள், பெயரையும் தொடர்பு விவரங்களையும் பரிமாறிக்கொள்ளுங்கள். பயத்தில் ஓடிவிடுவது தனிக் குற்றம். வேலை அனுமதி போய்விடுமோ என்று பயந்து ஓடத் தோன்றுகிறது என்று சில தம்பிகள் சொல்லியிருக்கிறார்கள். நின்று உதவியவரின் நிலைமை எப்போதும் ஓடியவரின் நிலைமையைவிட மேல். விழுந்த முதியவர் ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டாலும், தலை தரையில் பட்டிருந்தால் மருத்துவரிடம் அனுப்பாமல் விடாதீர்கள்.

18. ஆம்புலன்சுக்கு எந்த இடம்னு சொல்றது? ஆத்தோரத்துல முகவரியே இல்லையே.

பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், அதில் எண் இருக்கும். அந்த எண்ணையும், கண்ணுக்குத் தெரிகிற புளோக் எண்ணையும், கடைசியாகக் கடந்த சாலையின் பெயரையும் சொல்லுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவரைச் சாலைக்கு அனுப்பி வண்டியை வழிகாட்டி அழைத்துவரச் சொல்லுங்கள். பாதை உடைந்திருந்தாலோ, விளக்கு எரியாவிட்டாலோ, 10ஆவது பதிலில் சொன்ன பாசிப் படலத்தைப் பார்த்தாலோ, இதே விவரங்களோடு ஒரு படமெடுத்து ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்பலாம். எந்த அமைப்பின் பொறுப்பு என்று நீங்கள் தேட வேண்டியதில்லை, அதை அவர்களே பார்த்து அனுப்பிவிடுவார்கள்.